மாலிமார் என்பது ஒருவர் பெயரல்ல

டன்லப் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.
12.6.1966

மச்சான் அவர்களுக்கு, நூருன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமிக்கு இப்போது எப்படி இருக்கிறது? உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்காகத் துஆ கேட்கிறார்கள். பிள்ளை நலம். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். நடப்பதைவிட ஓடுகிறான் என்பதுதான் சரி. மாடிப்படியில் நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். விஷயத்துக்கு வருகிறேன். அவசரத்தில் நீங்கள் வாங்கிக்கொண்டு போன ரீ-என்ட்ரி பெர்மிட் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. இங்கே பிறந்த மனைவி மனுக் கொடுத்தால் புதுப்பிப்பார்களாம். ஆனால் நவம்பர் முப்பதுக்குள் நீங்கள் இந்தக் கரையில் இறங்கியாக வேண்டும். தவறினால் இங்கே இருந்த பதினோரு வருஷமும் இல்லாததாகிவிடும். புது ஆட்களை இப்போது விடுவதே இல்லை என்கிறார்கள்.

நேற்று குடிநுழைவு ஆபீசுக்குப் போனேன். தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், இராமசாமி என்று பெயர். நல்ல மனிதர். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, தகப்பன் பேரு மாலிமார்னு இருக்கு. பாஸ்போர்ட் நம்பர்ல இருக்கிற ஆளு பேரு வேறயா இருக்கே?"

தவறு என்னுடையதுதான். பிள்ளை பிறந்து பத்தாம் நாள் நீங்கள் வெளித் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் போய்ப் பதிந்தேன். கவுண்டரில் புருஷன் பெயர் கேட்டார்கள். நான் உங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். கட்டிய பெண் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

நம் நிக்காஹ் பரங்கிப்பேட்டையில் நடந்ததால் இங்கே எந்தப் பதிவும் இல்லை. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடான தஃப்தரிலிருந்து நகல் எடுத்து உடனே அனுப்புங்கள்.

நூருன்னிசா


மாலிமார் வீடு,
பரங்கிப்பேட்டை.
3.8.1966

அன்புள்ள நூருன்னிசாவுக்கு, ஸலாம்.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தேக்காக் கடைகளில் மை தீர்ந்துவிட்டதா, அல்லது புதிதாகத் தடித்த புத்தகம் ஏதாவது கையில் கிடைத்துவிட்டதா? புத்தகம்தான் என்றால் முடித்துவிட்டு எழுது. பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

உம்மா படுக்கையில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கஞ்சி இறங்குகிறது, ஒரு நாள் இறங்குவதில்லை. என்னைப் பார்த்து, "சிங்கப்பூரு மவன் வந்துட்டானா?" என்று கேட்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் நான் யார் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

எனக்கு மூத்தவர், ஒலி முகம்மது நானா, என்னை உப்பளத்துக்கு அழைத்துப் போகிறார். "உக்காந்து தின்னாதேடா அலீம், கணக்கப் பாரு" என்கிறார். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிராணியாக இருந்தவன் உப்பு மூட்டை எண்ணுகிறேன். எண்ணுவதுதான் என் தலையெழுத்து போல.

பெர்மிட் புதுப்பிப்பது பற்றி நீ விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினாயே, என்ன ஆயிற்று? எழுது.

அ. அலீம்


சிங்கப்பூர்,
14.8.1966

மச்சான் அவர்களுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் எழுதிய தேதிகளை எண்ணிப் பார்த்தேன். ஜூன் பன்னிரண்டு, ஜூலை இரண்டு, ஜூலை இருபத்தைந்து. மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றையும் நானே தபால் பெட்டியில் போட்டேன். அவை எங்கே போயின?

மறுபடியும் சுருக்கமாக எழுதுகிறேன். பெர்மிட் முடிந்துவிட்டது. நிக்காஹ் நகல் வேண்டும். நவம்பர் முப்பது கடைசி நாள். பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் மாலிமார் என்று விழுந்திருக்கிறது. மாலிமார் வேறு, பாஸ்போர்ட்டில் இருப்பவர் வேறு என்று ஆபீசில் நினைக்கிறார்கள்.

குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீட்டுக்கு நாம் போட்ட மனுவும் நிற்கிறது. அங்கேயும் குடும்பத் தலைவர் யார் என்றுதான் கேட்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டாம்ஃபோர்ட் ரோடு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். மாலிமார் என்பது ஒரு மனிதரின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர் என்று அகராதிகளைக் கொண்டே காட்டிவிட முடியும் என்று நம்புகிறேன். தமிழ், மலாய், அரபு, பாரசீகம் என்று நான்கையும் மேசையில் விரித்துவைத்துக் குறிப்பெடுக்கிறேன். நூலகப் பெண் நான் ஏதோ பரீட்சைக்குப் படிப்பதாக நினைக்கிறாள்.

இந்தக் கடிதமாவது உங்கள் கைக்கு வர வேண்டும்.

நூருன்னிசா


பரங்கிப்பேட்டை,
5.9.1966

நூருன்னிசாவுக்கு,

கடிதங்கள் எங்கே போயின என்று கேட்டாயே. சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆவுக்கு முன்னதாகவே போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். தபால்காரர் வெளிநாட்டு உறை ஒன்றை நீட்டி, "மாலிமார்னு போட்டிருக்கு. பெரியவருகிட்ட குடுத்துடுங்க" என்றார். உன் கையெழுத்து. உறையின் மேல் "மாலிமார் அவர்கள், மாலிமார் வீடு." என் பெயர் எங்கும் இல்லை. இந்த வீட்டில் மூத்தவர் நானா. வீட்டுப் பெயருக்கு வரும் தபால் அவருக்குத்தான் போகும், வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பெர்மிட் பேச்சு எழும்வரை உன் கடிதங்களை வாங்கி என்னிடம் தந்துவிடுவார்.

நானா திரும்பி வந்ததும் மற்ற மூன்றையும் கேட்டேன். மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். நானாவின் மச்சானும் சின்னாப்பாவும் அடுத்த தெரு ஹமீது பாயும் உட்கார்ந்திருக்க, அவர்கள் எதிரிலேயே ஒன்றைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் மாலிமார் என்று நீ எழுதிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

"எந்த மாலிமாருடா? இந்த வூட்ல நாலு மாலிமார் இருக்கோம். நான் ஒருத்தன், நீ ஒருத்தன், சின்னாப்பா ஒருத்தரு, அவரு மவன் ஒருத்தன். பாகம் போட்டுக்குவோமா?"

சிரித்தார்கள். ஹமீது பாய் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கடிதத்தை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "நீ போயிட்டா உம்மாவ யாரு பாக்குறது, உப்பளத்த யாரு பாக்குறது?" என்றார்.

உன்னிடம் கேட்கிறேன். நீ படித்தவள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று பக்கத்து வீட்டு ரபியா சொன்னபோது, "அப்படிப் பார்த்தால் வெள்ளைக்காரன் ஒருத்தனும் உயிரோடு இருக்க மாட்டான்" என்று சிரித்தவள். அந்த நீ, ஒரு கவுண்டரில் நின்று என் பெயரைச் சொல்ல முடியாமல் என் பிள்ளையை நாலு பேருக்குப் பிள்ளையாக எழுதிவிட்டு வந்திருக்கிறாய். அந்தப் பத்திரத்தை மடித்தபடியே பெட்டியில் வைத்தேன், ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் அன்றே திருத்தியிருக்கலாம். என் தவறும் உண்டு. ஆனால் ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நிக்காஹ் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்துல் அலீம்
(முழுதாக எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதிக்கொள்.)


சிங்கப்பூர்,
18.9.1966

மச்சான் அவர்களுக்கு, ஸலாம்.

உறையின் மேல் விலாசத்தை இந்த முறை ரபியா எழுதியிருக்கிறாள். அவளிடம் போய் நிற்பதற்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அந்த நாலு பேர் சிரிப்பு பெரிது என்பதால் போனேன். மன்னியுங்கள்.

நகல் கிடைத்ததும் நான் எழுதிய குறிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். குறிப்பு ஆறு பக்கம். அதன் சாரம் இது.

கப்பலுக்கு வழிகாட்டுபவரைத் தமிழில் முன்பு மீகாமன் என்றார்கள். அழகான சொல், ஆனால் நூல்களிலேயே தங்கிவிட்டது. கடற்கரைக்கு வந்தது அரபுச் சொல். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர். கப்பலில் நட்சத்திரமும் நீரோட்டமும் தெரிந்தவரும் முஅல்லிம்தான், மற்றவர்களுக்குச் சொல்லித் தருபவர் அவர் என்பதால். நம் கரையில் அது மாலிம், மாலுமி என்றாயிற்று. மலாய்க்காரர்களிடமும் மாலிம் இருக்கிறது. அங்கே அது கப்பலில் வழிசொல்பவரையும் குறிக்கும், மார்க்கம் படித்தவரையும் குறிக்கும். கூடப் பிறந்த சொற்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும் ஒரே கப்பலில் வந்த சொற்கள் இன்னும் உண்டு. சுக்கான் அரபு. சாரங்கு பாரசீகம். நகுதாவும் பாரசீகம்: நாவ் என்றால் கலம், குதா என்றால் உடையவர். நம் நாவாய்க்கும் அந்த நாவுக்கும் உறவு உண்டா என்பதில் அறிஞர்களுக்குள் இழுபறி. இன்று மாலுமி என்றால் கப்பலில் கயிறு இழுப்பவர்கூட மாலுமிதான். ஆசிரியராகப் புறப்பட்ட சொல் கரை சேர்வதற்குள் கூலிக்காரராகிவிட்டது.

மாலிமார் என்பதன் கடைசியில் இருப்பது மரியாதையா பன்மையா என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படியும் அது ஒருவர் பெயரல்ல.

அதிகாரி மலாய்க்காரர். முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். மாலிம் என்ற இடத்தில் தலையசைத்துத் தன் பாட்டனும் மாலிம்தான் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு மிச்ச ஐந்து பக்கத்தையும் மூடி என் பக்கம் தள்ளிவிட்டு இராமசாமியிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா, ஐயா என்ன சொல்றார்னா, இது எல்லாம் ரொம்ப நல்லா இருக்காம். ஆனா இது காலேஜ் கோர்ஸ் இல்லயாம். பத்திரத்துல உள்ளவரும் பாஸ்போர்ட்டுல உள்ளவரும் ஒரே ஆளுதான்னு நீங்க சத்தியம் பண்ணணும். இந்தத் தாளை வாய்விட்டு வாசிச்சாப் போதும். ரெண்டே வரி லா."

தாளை வாங்கினேன். இன்னாரின் மகளான நான், இன்னாரின் மனைவி. இரண்டாவது இன்னார் இருந்த இடத்தில் உங்கள் பெயர் தட்டச்சில் இருந்தது. என் பெயர் வரை வாசித்தேன். வாப்பாவின் பெயரையும் வாசித்தேன். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. வாசிக்காமல் கையெழுத்து மட்டும் போடட்டுமா என்று கேட்டேன். கூடாது, வாசிக்கத்தான் வேண்டும் என்றார்கள். பின்னால் வரிசையில் நின்ற சீனக் கிழவர் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது.

"புருஷன் பேரத்தானே கேக்குறாங்க? உண்மையான புருஷன்னா சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் இராமசாமி. கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் அதிகாரி கோப்பில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்துவிட்டேன். உறவு சந்தேகத்துக்குரியது.

குறிப்பின் பிரதி ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் வீட்டைப் பற்றியது.

நூருன்னிசா


பரங்கிப்பேட்டை,
6.10.1966

நூருன்னிசாவுக்கு, ஸலாம்.

உம்மா செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி மவுத்தாகிவிட்டார்கள். கடைசி நாள் காலையில் என்னை அடையாளம் தெரிந்தது. "பொண்டாட்டி புள்ள எங்கடா?" என்று கேட்டார்கள். வருவார்கள் என்று சொன்னேன். பொய்தான்.

உன் ஆறு பக்கத்தையும் படித்தேன். இரண்டு தடவை. நன்றாக எழுதியிருக்கிறாய். என் பாட்டன் செய்த தொழிலுக்கு இவ்வளவு நீளமான வேர் இருக்கிறது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நூரு, நீ ஒரு சொல்லைத் தேடி அரபு தேசம் வரை போய்ப் பாரசீகம் சுற்றி மலாய்க் கரையில் இறங்கியிருக்கிறாய். இத்தனையும் இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காக. என் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆறு பக்கம் தேவையில்லை. நான் கேட்ட கேள்விக்கு அந்த ஆறு பக்கத்தில் பதில் இல்லை.

இங்கே நிலைமை இது. உம்மாவின் நாற்பதாம் நாள் முடிவதற்குள் முடிவு சொல் என்கிறார் நானா. அவர் கொழுந்தியாளை எனக்குப் பேசுகிறார்கள். மார்க்கத்தில் இடம் இருக்கிறதாம், மதராஸில் சட்டமும் தடுக்காதாம். "சிங்கப்பூர்க்காரி பேரே சொல்ல மாட்டேங்கிறா, அவள நம்பி எத்தன நாளைக்கு?" என்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து நவம்பர் இருபதாம் தேதி கப்பல். அடுத்தது டிசம்பரில்தான். இருபதாம் தேதிக்குள் புதுப்பித்த பெர்மிட் என் கையில் இல்லை என்றால் என்னை ஏற்றமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் இந்த வீட்டு மாலிமார்களில் ஒருவன். நீ எழுதிய மாதிரியே.

ஏன் என்று சொல்.

அப்துல் அலீம்


சிங்கப்பூர்,
20.10.1966

மச்சான் அவர்களுக்கு,

மாமிக்கு அல்லாஹ் சுவனத்தைக் கொடுப்பானாக. கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனேன். உம்மா மூன்று நாளாக ஓதுகிறார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உம்மாவோடும் பேசியதில்லை. நாங்கள் இருவரும் இருபத்து மூன்று வருஷமாக ஒரே அறையில் இதைப் பேசாமல் இருக்கிறோம்.

ஜப்பான்காரன் காலம். எனக்கு ஐந்து வயது. அரிசி அட்டை வாங்க உம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் குடும்பத் தலைவர் பெயர் கேட்டான். வாப்பா ஆற்றங்கரையில் மூட்டை தூக்கப் போயிருந்தார்கள். உம்மா, "இந்தப் புள்ளையோட வாப்பா" என்றார்கள். அவன் பேனாவால் மேசையைத் தட்டினான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். உம்மா குனிந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். மெதுவாக. அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னார்கள். அவன் பட்டியலில் எழுதினான். அட்டை கிடைத்தது.

மூன்றாவது வாரம் லாரி வந்து நம் வீட்டுக்குக் கீழே நின்றது. ஒருவன் கையில் தாளைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நின்றபடி, வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வாப்பா சோற்றில் கை வைத்திருந்தார்கள். தன் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். திரும்பி வந்த ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அன்று இரவு உம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். "நான்தானே சொன்னேன்." அவ்வளவுதான். நம் பிள்ளைக்கு வாப்பாவின் பெயரைத்தான் வைத்தோம். உம்மா இதுவரை அவனை ஒரு தடவையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, கவனித்தீர்களா? ராசா, தங்கம், ஏய் குட்டி. புருஷன் பெயர் என்பதால் அழைக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

ஆயுள் குறையும் என்பதை நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. ஆனால் அந்தக் கவுண்டரிலும் ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு பட்டியல். கையில் பிள்ளை. "புருஷன் பெயர்?" என்று கேட்டபோது என் வாய் தானாக மாலிமார் என்றது. பிறகுதான் காரணம் புரிந்தது. மாலிமார் என்று தெருவில் நின்று யாராவது கூப்பிட்டால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போக வேண்டியதில்லை. உங்களை அந்தப் பெயருக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது வெளியே எடுக்கத் தெரியவில்லை.

போன வாரம் மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். வாசல் வரை. திரும்பி வந்துவிட்டேன்.

நூருன்னிசா


பரங்கிப்பேட்டை,
30.10.1966

நூருவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாலு வருஷம் உன்னோடு வாழ்ந்தேன். மாமனார் சயாமில் போனார் என்பது மட்டும் தெரியும். எப்படிப் போனார் என்று கேட்கத் தோன்றவில்லை. உப்பு மூட்டையை எண்ணுகிறேன், இதை எண்ணாமல் விட்டேன்.

நீ சொல்ல வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ என் பெயரைச் சொல்லி, நான் கப்பலேறி, வழியில் காய்ச்சலில் போனாலும் போவேன். யாருக்கு என்ன உத்தரவாதம்? அப்புறம் நீ உன் உம்மாவைப் போல இருபத்து மூன்று வருஷம் "நான்தானே சொன்னேன்" என்று உட்கார்ந்திருப்பாய். அதற்கு நான் இங்கே உயிரோடு உப்பு எண்ணிக்கொண்டிருப்பது மேல்.

நானாவிடம் இன்னொரு நிக்காஹ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப ரெண்டு கரையும் இல்லாம நிக்கப் போறியாடா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பு. நின்றபடி எடு. எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும்.

அலீம்


சிங்கப்பூர்,
9.11.1966

அப்துல் அலீம் அவர்களுக்கு,

எழுதிவிட்டேன். உறையின் மேலும் நானேதான் எழுதப் போகிறேன். ரபியாவுக்கு இனி வேலையில்லை.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. உம்மா அடுப்படியில் இருந்தார்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார்கள். வர மாட்டாராம் என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, பிள்ளைக்குச் சட்டை மாட்டி, தானும் துப்பட்டி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். "ஆபீசுக்குத்தான் போவணும். வா" என்றார்கள்.

மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்தால் மறுபடியும் ஊமையாக நிற்பேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். பிள்ளை உம்மா மடியிலிருந்து நழுவினான். நடப்பதைவிட ஓடுகிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேராக மாடிப்படியை நோக்கி ஓடினான். குறுக்கே நாற்காலி இல்லை. அகலமான கல் படிகள். நான் எழுந்தேன், கால் சேலையில் சிக்கியது.

"காதர் மைதீன்!"

அந்தக் குரல் யாருடையது என்றே முதலில் எனக்குத் தெரியவில்லை. உம்மா. வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. உம்மா மறுபடியும் அதே சத்தத்தில், "காதர் மைதீன்! திரும்பி வாங்க!" என்றார்கள். வாங்க என்றார்கள், மச்சான். பிள்ளையைப் பார்த்து.

பிள்ளை படியின் விளிம்பில் நின்றான். திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, கைகளை விரித்துக்கொண்டு, உம்மாவிடம் ஓடி வந்தான்.

உம்மா அவனை அள்ளிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழவில்லை. அவன் காதில் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இராமசாமி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரோடு உள்ளே போனேன்.

தாளை நீட்டினார்கள். வாசித்தேன். உங்கள் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். பிறகு சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது. அதிகாரி காதில் கை வைத்து, மறுபடியும் என்று சைகை காட்டினார். அந்தச் சைகையைக் கண்டதும் அரிசி வரிசை கண் முன்னால் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவை உரக்கச் சொன்னேன். அப்துல் அலீம். மாலிமார் வீட்டு அப்துல் அலீம். என் புருஷன்.

முத்திரை குத்தினார்கள். பெர்மிட் இந்த உறைக்குள் இருக்கிறது. பதிவுத் தபாலில், விமானத்தில். இருபதாம் தேதிக்குள் வர வேண்டும். வழியில் ஒரு நாள் தாமதமானாலும் எல்லாம் வீண். தந்தியும் கொடுக்கிறேன். தபால்காரரை வாசலில் எதிர்பாருங்கள். இந்த உறையை யார் கையிலும் கொடுக்க அவருக்கு இனி உரிமை இல்லை, உங்கள் ஒருவர் கையைத் தவிர.

பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். நீங்கள் வந்து இறங்கும்வரை ஒவ்வொரு இரவும் நான்தானே சொன்னேன் என்றுதான் படுப்பேன்.

கப்பல் வரும் நாளில் துறைமுகத்துக்கு உம்மாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வருவேன். இறங்குகிற கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பியும் பெட்டியுமாக இருப்பீர்கள். நான் மூன்றாம் தடவை கூப்பிடுவேன், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நூருன்னிசா